மொரீசியஸ்: நீங்கள் கேட்டவை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மொரீசியஸின் பரப்பு, மக்கள்தொகை, தலைநகர், சுதந்திர நாள்?

சுமார் 2,000 சதுர கி.மீ., பன்னிரண்டரை லட்சம் பேர், போர்ட் லூயிஸ், 1968 மார்ச் 12. குடியரசானதும் மார்ச் 12-தான், ஆனால் 1992-இல். ஆண்டைப் பார்த்து எழுதுங்கள்.

கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மொரீசியஸ் போய்விடலாமாமே?

அது மாலத்தீவு. வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மொரீசியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கரையும் தாண்டிக் கிழக்கே 800 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அங்கே பூர்வகுடிகளை டச்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

பூர்வகுடி என்று யாருமே இல்லை. 1598-இல் அவர்கள் இறங்கியபோது இருந்தது காடும் டோடோ பறவையும்தான். டோடோவைத் தீர்த்துக்கட்டி, கருங்காலியை வெட்டி, கரும்பை நட்டுவிட்டு 1710-இல் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், 1810 முதல் ஆங்கிலேயர்கள். 1835-இல் அடிமைமுறை ஒழிய, தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதையொட்டி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் நாலரை லட்சம் இருக்கும்.

ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது. அப்படியானால் தமிழ் அங்கே ஆட்சிமொழிதானே?

மறுபடியுமா? இல்லை. நோட்டின் படத்தோடு சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். அந்நாட்டு அரசியலமைப்பு எதையும் ஆட்சிமொழி என்று சொல்லவில்லை. நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம், அவ்வளவுதான். செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சில் வரும். வீட்டிலும் சந்தையிலும் கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சுமொழி.

நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன்பின் இந்தி என்பது உண்மை. 1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கினார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த உரிமைக்கு வரலாறு இருக்கிறது. கூலிக் கப்பல்கள் வருவதற்கு நூறாண்டு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லபோர்டொனே போர்ட் லூயிஸைக் கட்டியெழுப்பிய காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். நம்மவர்கள் இதை விட்டுவிட்டு நோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் எனக்கு எரிச்சல். தைப்பூசத்துக்கு அங்கே பொது விடுமுறை. ஆனால் காவடி தூக்கி வருபவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கிரியோலில்தான் பதில் வரும். நோட்டில் இருக்கும் தமிழ் நாக்கில் இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டு எழுதுங்களேன்.

பொருளாதாரம் முழுக்கக் கரும்புதான் என்று படித்தேன்.

எந்த ஆண்டுப் புத்தகம்? சுதந்திரத்தின்போது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரைதான். 1970-இல் ஏற்றுமதி மண்டலம் கொண்டுவந்து ஆயத்த ஆடையில் இறங்கினார்கள். 1975 முதல் ஐரோப்பா சர்க்கரைக்கு உத்தரவாத விலை கொடுத்தது, அந்தக் காசு ஆடை ஆலைக்கும் ஓட்டலுக்கும் போயிற்று. 2009-இல் அந்த விலை ஏற்பாடு முடிந்தபோது நாடு கவிழ்ந்துவிடவில்லை. இன்று சுற்றுலா (ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சம் பேர் போல), நிதிச் சேவை எல்லாம் கரும்பைவிடப் பெரிது. ஆண்டு போடாத புள்ளிவிவரத்தைத் தொடாதீர்கள்.

அவ்வளவு சின்னத் தீவு இந்தியாவில் எப்படி இத்தனை கோடி முதலீடு செய்தது?

பணம் தீவினுடையது அல்ல, அந்த வழியாக வந்தது. 1982-இன் வரி ஒப்பந்தப்படி, மொரீசியஸ் நிறுவனம் இந்தியப் பங்கை விற்று லாபம் பார்த்தால் இந்தியா வரி போட முடியாது. அங்கேயும் அந்த லாபத்துக்கு வரி இல்லை. 2016-இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்குச் சலுகை போய்விட்டது. இதிலும் ஆண்டைப் பாருங்கள், பழைய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன.

ஜனவரியில் போகலாமா?

அங்கே அது கோடை, மழை, புயல் எல்லாம் சேர்ந்த காலம். போர்ட் லூயிஸ் மலை மறைவில் காய்ந்து கிடக்கும்போதே, நடு மேட்டிலுள்ள க்யூர்பீப்பில் கொட்டும்.

பக்கத்துத் தீவு ரீயூனியனும் மொரீசியஸில் சேர்ந்ததுதானே?

இல்லை, பிரான்ஸ். யூரோ கொண்டுபோங்கள்.