கொனிங்ஸ்பிப் பக்கம் கரவனில் போவதென்றால், அம்மாவுக்கு முதலே சொல்லுங்கோ

தங்கச்சி, ஓகஸ்டில் லிங்கன்ஷயரில் கொனிங்ஸ்பி விமானத் தளத்துக்குக் கிட்ட கரவனில் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சில்லு வீட்டில்) ஐந்து நாள் நிற்கலாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிற அம்மா பிளேன் சத்தத்துக்குப் பயப்படுவாவா, பக்கத்துக் கரவன்காரர் பிளேனும் யுத்தமுமாகக் கதைத்தால் என்ன கதைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நிற்கலாம். ஆனால் இடத்தையும் நாளையும் அம்மாவை வைத்து முடிவு செய்யுங்கள்.

கொனிங்ஸ்பியில் நிற்பது டைபூன் சண்டை விமானங்கள். பயிற்சிப் பறப்பு பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான். ஒன்றின் சத்தம் அடங்க முதல் அடுத்தது கிளம்பும். கூடுதல் உந்துதலுக்காக எஞ்சின் பின்பக்கம் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் கரவனின் மெல்லிய சுவர் அதிரும், அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஊரில் குண்டு போட்ட விமானங்களைப் பொம்மர், சகடை, கிபிர் என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிப் பழகிய காதுக்கு, "இது பயிற்சிதான் அம்மா" என்று பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை. வீட்டில் வைத்தே சொல்லுங்கள்.

வெள்ளி பின்னேரம் போய்த் திங்கள் காலை திரும்புவது நல்லது. ஆனாலும் அது இருபத்துநாலு மணி நேரமும் ஆயத்தமாக நிற்கும் தளம். அவசர அழைப்பு வந்தால் ஞாயிறு நடுச்சாமத்திலும் கிளம்புவார்கள். ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. டட்டர்ஷால் என்ற ஊர் அதன் மேற்கு முனைக்கு மிகக் கிட்ட. வடக்கே நாலு மைல் தள்ளி வூட்ஹால் ஸ்பா பக்கம் இடம் எடுத்தால் பறப்புக் கோட்டிலிருந்து விலகி நிற்பீர்கள்.

அம்மாவை ஜெட்டுக்கு ஆயத்தப்படுத்திவிட்டு, இரண்டாம் உலக யுத்தக் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரை மறந்துவிடாதேயுங்கோ. உலகத்தில் பறக்கக்கூடிய இரண்டில் ஒன்று இங்கேதான் நிற்கிறது, மற்றது கனடாவில். நாலு மெர்லின் எஞ்சினோடு தாழ்வாக, மெதுவாக, உறுமிக்கொண்டு வரும். வெள்ளைக்காரர் கண் கலங்கி அண்ணாந்து பார்ப்பார்கள். சகடை வட்டமடித்த காலத்தைக் கண்ட ஒருவருக்கு, டைபூனைவிட இந்த இழுத்த உறுமல்தான் கூடுதலாக உலுக்கும். பார்க்க விருப்பமா என்று அம்மாவையே கேளுங்கள். விருப்பமென்றால் ஈஸ்ட் கேர்க்பி அருங்காட்சியகத்தில் இன்னொரு லங்காஸ்டரை நிலத்தில் ஓட்டிக் காட்டும் நாட்கள் உண்டு. வருவதும் போவதும் கண்ணுக்குத் தெரிவதால் அது சுகம்.

கதைக்கு வருவோம். "உங்கட குடும்பத்தில யாரும் விமானப்படையில இருந்தவையா?" என்ற ஒரு கேள்வி ஒரு பின்னேரத்துக்குப் போதும். 1939 ஒக்டோபருக்கு முதல் பிறந்த ஆண்களில் பலர் கட்டாய இராணுவ சேவை செய்தவர்கள். அதற்கு இளையவர்கள் ஆர்ஜென்டினாவோடு நடந்த 1982 ஃபோக்லண்ட்ஸ் யுத்தத்தையும் அதில் குண்டு போட்ட வல்கன் விமானத்தையும் இழுப்பார்கள். எங்கள் பக்கத்துத் தொடர்பும் உண்டு: யோக்‌ஷயர் பொக்லிங்டனிலிருந்து ஹலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் ஓட்டிய 102ஆம் அணிக்குப் பெயரே சிலோன் அணி, 264ஆம் அணிக்கு மெட்ராஸ் பிரசிடென்சி. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்டதைச் சொன்னால் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருவார்கள். "எத்தனை பேரைக் கொன்றார்?" என்று மட்டும் கேட்கவேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் செத்தார்கள். திரும்பி வந்த தகப்பன்மார் பலர் வாயே திறந்ததில்லை. உங்களைத் திருப்பிக் கேட்டால் முழு வரலாறும் சொல்லவேண்டியதில்லை, ஊர்ப் பெயர் காணும்.

பின்னால் இழுத்துப் போவதென்றால், பிரிட்டிஷ் கார் லைசென்ஸ் இருந்தால் 2021 டிசம்பரிலிருந்து தனிச் சோதனை தேவையில்லை. மோட்டார்வேயில் 60 மைல், சாதாரண ஒற்றை வீதியில் 50 தான் உச்சம். அரிசி மூட்டை, தண்ணீர்க் கேஸ் எல்லாம் சில்லுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். பின்பக்கம் பாரம் கூடினால் கரவன் பாம்புபோல ஆடும். ஆடினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேரே பிடித்து, அக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்கவேண்டும்.

இனி எங்கள் ஆட்கள் மாட்டுப்படும் இடம், கரண்ட். பல இடங்களில் 10 அம்பியர்தான் தருவார்கள், அதாவது 2,300 வாட். மின்கேத்தல் 2,000, ரைஸ் குக்கர் 600. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கட்டாகும். பிட்டும் இடியப்பமும் காஸில் அவியுங்கள். தரையோடு இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிர் வருகுதென்று அம்மா துணியால் அடைத்துவிடுவா, பாருங்கோ. காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் அதாலதான் வெளியேறும்.