மலேசியாவில் கணினியிலும் கைப்பேசியிலும் கட்டற்ற மென்பொருளை மட்டுமே பயன்படுத்தி வாழ முடியுமா? யாரேனும் முயன்றதுண்டா?

கணினியில் முடியும், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்படித்தான் பிழைப்பு நடத்தி வருகிறேன். கைப்பேசியில் முடியவில்லை. எங்கே தோற்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நீங்கள் "வாழ முடியுமா" என்று கேட்டிருப்பதைப் பார்த்தால் மாணவராகவோ, அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவராகவோ இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. என்னைப் போலக் கடை வைத்திருப்பவராக இருந்தால் "பிழைக்க முடியுமா" என்றே கேட்டிருப்பீர்கள். நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், நினைவஞ்சலி அட்டை, கோயில் திருவிழா அறிக்கை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் ஆகியவைதாம் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகின்றன.

என்னைக் கஞ்சன் என்று யாரேனும் எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டற்றது வேறு, இலவசம் வேறு. மலாய்க்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்களுக்குக் கட்டற்றதற்கு 'பெபாஸ்' ஒரு சொல், இலவசத்துக்கு 'பெர்ச்சுமா' வேறொரு சொல். மென்பொருளை விரும்பியபடி இயக்கவும், அதன் மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, படித்து மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துத் தரவும், மாற்றியதைப் பகிரவும் உரிமை இருந்தால் அது கட்டற்றது. இதை ஓர் இயக்கமாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். அவருக்கு முதலில் எரிச்சலை ஊட்டியது ஓர் அச்சு எந்திரம் என்பது என் தொழிலில் இருப்பவனுக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பணியாற்றிய எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் பயனர்களுக்கு அறிவிக்கும்படி பழைய எந்திரத்தின் நிரலை மாற்றி வைத்திருந்த அவரால் புதியதில் அதைச் செய்ய முடியவில்லை, ஏனெனில் அதன் மூலநிரலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். தாள் சிக்கிய எந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

என் கோபத்துக்குக் காரணம் ஒரு கோயில் மலர். 1999இல் செபராங் பிறைப் பக்கம் இருக்கும் ஒரு தோட்டக் கோயிலின் கும்பாபிஷேக மலரை நாங்கள் அச்சிட்டோம். அந்தத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்த பெரியவர் ஒருவர் கோயிலின் வரலாற்றை நாற்பது பக்கங்களுக்குக் கையால் எழுதித் தந்திருந்தார். இந்தியாவிலிருந்து எந்தக் கப்பலில் யார் வந்தார்கள், முதல் கல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், தோட்டத்தை விற்றபோது கோயில் எப்படித் தப்பியது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அதை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அக்காலத்தில் நாங்கள் பயன்படுத்திய தமிழ்ப் பக்க வடிவமைப்பு மென்பொருளை நல்ல விலை கொடுத்து முறையாக வாங்கியிருந்தோம். அதனுடன் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை வரும். டாங்கிள் என்று பெயர். கணினியின் பின்புறம் அச்சுப்பொறிக்கான இருபத்தைந்து ஊசித் துளையில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். அதைத் தொலைத்தால் இன்னொரு படி வாங்க வேண்டும் என்பதால் ஒவ்வோர் இரவும் அதைக் கழற்றிக் கல்லாப் பெட்டியில் பூட்டி வைப்பேன்.

கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சுற்று. 2011இல் கோயில் நிர்வாகத்தினர் திரும்பவும் வந்தார்கள். புதிய மலரில் பழைய வரலாற்றுப் பகுதியை அப்படியே சேர்த்து, பிற்சேர்க்கையாக நான்கு பக்கங்கள் எழுத வேண்டும் என்றார்கள். கோப்பு இருந்தது. கட்டையும் இருந்தது. ஆனால் அதைச் செருகும் துளை எங்கள் புதிய கணினி எதிலும் இல்லை, பழைய கணினி எப்போதோ செத்திருந்தது, மென்பொருளை விற்ற நிறுவனமோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தது. எண்ணை அழைத்தால் வேறு யாரோ எடுத்தார். கையெழுத்துப் படியைக் கேட்டு அந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போனோம். அவர் காலமாகி ஆண்டுகள் ஆகியிருந்தன. காகிதக் கட்டைக் கரையான் தின்றுவிட்டதாக அவருடைய மருமகள் சொன்னார். எங்களிடம் மிஞ்சியது 1999இல் அச்சான மலரின் ஒரே ஒரு படி.

மறுபடியும் தட்டச்சு செய்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம்தான். ஆனால் அதே பூட்டுக்குள் எங்கள் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு முழுவதும் இருந்தது. எந்த வாடிக்கையாளர் எந்த அழைப்பிதழைக் கேட்டு வந்தாலும் இதே கதைதான் நடக்கும். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என் கையால் தட்டிய எழுத்துகள் சிறைப்பட்டுக் கிடந்தன என்பதே என்னை அறுத்தது.

என் அக்காள் மகன் அப்போது கணினித்துறை மாணவன். அவன் அந்தக் கோப்பை வேறொரு கருவியில் திறந்து, உள்ளே இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தாம் என்று காட்டினான். அந்த எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த எழுத்துரு அது. எந்த எண்ணில் எந்தத் தமிழ் வடிவம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அச்சிட்ட மலரைப் பக்கத்தில் விரித்து வைத்து வரி வரியாக ஒப்பிட்டோம். கடையைச் சாத்திய பிறகு இரவில் மூன்று வாரம் இதே வேலை. நான் படிப்பேன், அவன் அட்டவணையில் ஏற்றுவான். பிறகு பைத்தான் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதி எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு, மாற்றினான்.

முதல் முறை வந்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்து பதிவாகியிருக்கும்: "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, அதன் பிறகு கால். ஒருங்குறியிலோ முதலில் க, அடுத்துத்தான் ஒகரக் குறி. அதைச் சரிசெய்ததும் அடுத்த சிக்கல் முளைத்தது. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், ஒரே எண். அதனால் அம்மன் பெயரான "கௌரி" கொம்பு, க, ள என மூன்று துண்டுகளாக நின்றாள். கொம்பும் ஓர் எழுத்தும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக்கு என்று விதி எழுதினோம். உடனே கௌரி சரியானாள். ஆனால் மலரில் இருந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் உடைந்துபோயின. அம்மன் கோயில் மலரில் எத்தனை வெள்ளிக்கிழமை வரும் என்று எண்ணிப் பாருங்கள். "தெளிவு" என்ற சொல்லும் அதே விதியால் தெளிவை இழந்தது. கடைசியில் ஔகாரம் வரும் சொற்களைத் தனிப் பட்டியலாக எழுதிக் கொடுத்து, அவற்றுக்கு மட்டும் விதியைப் பொருத்தினோம். சௌந்தரராஜன் என்ற நன்கொடையாளர் ஒருவர் அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போய், 2011 மலரில் தவறாகவே அச்சானார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆண்டு முடிந்ததும் அச்சகத்தின் கணினிகளை ஒவ்வொன்றாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றினேன். கருத்தியலைப் படித்துவிட்டு மாறியவன் அல்லன் நான். வெள்ளிக்கிழமை பட்ட பாட்டில் மாறியவன்.

எளிதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் பல ஆண்டுகள் தமிழைத் தப்பாகவே காட்டியது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் அது சரியானது. அந்தத் திருத்தத்தில் பெரும்பங்கு ஆற்றியவர்கள் அரபு எழுத்துக்காக உழைத்த ஓமான் நாட்டுக் குழுவினர். தங்கள் மொழிக்காக அவர்கள் செய்த வேலை தமிழுக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அந்த நிரல் கட்டற்றதாக இருந்ததுதான். அதுவரை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அழைப்பிதழும் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் புத்தகமும் செய்து ஒப்பேற்றினேன். இப்போது ஸ்க்ரைபஸில் நான்கு வண்ணப் பிரிப்புடன் பி.டி.எஃப். செய்து கொடுத்தால், அச்சுத் தகடு (பிளேட்) எடுப்பவர் எந்த மென்பொருளில் செய்தது என்றுகூடக் கேட்பதில்லை. எழுத்துருக்களுக்கும் இப்போது பஞ்சமில்லை. நோட்டோ, மீரா இனிமை, முக்தா மலர், பவனம் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பிறந்தநாள் அட்டைக்கு உருண்டு திரண்ட பாலூ தம்பி போல இன்னொன்று இல்லை. தட்டச்சுக்கு 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. குறை என்றால் மற்ற அச்சகங்கள் பயன்படுத்தும் கோரல் டிரா என்ற மூடிய வரைகலை மென்பொருளின் கோப்புகள்தாம். திறக்கும், ஆனால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். "நீங்கள் பழைய ஆள்" என்று சொல்லி எதிர்க்கடைக்குப் போன வாடிக்கையாளர்கள் உண்டு.

"மட்டுமே" என்று நீங்கள் கேட்டிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்றுக்கொண்ட திரிஸ்கெல் என்ற லினக்ஸ் தொகுப்பைத்தான் என் மேசைக் கணினியில் வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் அதை நிறுவிய அன்று வைஃபை வேலை செய்யவில்லை, ஏனெனில் அதன் வைஃபை சில்லுக்கு மூலநிரலை வெளியிடாத மூடிய நிரல் தேவைப்பட்டது. ஆத்தெரோஸ் சில்லு கொண்ட ஒரு சிறிய யூ.எஸ்.பி. வைஃபையைத் தேடி வாங்கிச் செருகினேன். இன்னொரு பெரிய லினக்ஸ் தொகுப்பான டெபியனே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த ஆண்டு வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய மூடிய நிரல்களைத் தன் நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு செய்தும் முழுத் தூய்மை கிடைக்காது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது எங்கள் பினாங்கில்தான்; என் மைத்துனர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லு சோதிக்கும் பிரிவில் பணி ஓய்வு பெற்றவர். ஆனாலும் அந்தச் சில்லுக்குள் மேலாண்மை எந்திரம் என்ற பெயரில் தனியே ஓடும் மூடிய நிரலை அவராலும் பார்க்க முடியாது, என்னாலும் முடியாது.

இனிக் கைப்பேசி. பழைய கைப்பேசி ஒன்றில் ஆண்ட்ராய்டின் கட்டற்ற வடிவமான லினியேஜ் இயங்குதளத்தை ஏற்றி, கூகுள் சேவைகள் எதுவும் இல்லாமல், கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டிலிருந்து மட்டுமே செயலிகளை எடுத்து நான்கு ஆண்டுகள் ஓட்டினேன். கேமராவுக்கும் மோடத்துக்கும் உள்ளே மூடிய நிரல் இருக்கத்தான் செய்தது; அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். விழுந்தது வங்கியில்தான். 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. மோசடியில் எத்தனையோ பேர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள், ஆகவே அந்த முடிவை நான் குறை கூறவில்லை. ஆனால் என் வங்கி அதைத் தன் செயலி வழியாக மட்டுமே செய்தது. அந்தச் செயலியோ என் கைப்பேசியைக் கண்டதும் "இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது" என்று சொல்லி மூடிக்கொண்டது. ஐந்து ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் வராத, தயாரிப்பாளரே கைவிட்ட கைப்பேசியில் அதே செயலி ஓடுகிறது. மாதந்தோறும் திருத்தம் பெறும் என்னுடையதில் ஓடாது. முகப்பில் இருந்த பெண்ணிடம் தனியாக ஒரு எண் காட்டும் கருவி தர முடியுமா என்று கேட்டேன். "அங்கிள், ஒரு புது போன் வாங்கிடுங்களேன்" என்று அன்பாகத்தான் சொன்னார்.

வாங்கினேன். மலிவான கைப்பேசி ஒன்று. அதில் வங்கிச் செயலி தவிர வேறொன்றும் இல்லை. டாங்கிள் கிடந்த அதே கல்லாப் பெட்டியில் இப்போது அது கிடக்கிறது. கடை வாசலில் நானே அச்சிட்டு ஒட்டிய டுயிட்நவ் என்ற பணப்பரிமாற்ற முறையின் கியூஆர் அட்டையை வாடிக்கையாளர் வருடிப் பணம் அனுப்பியதும், நான் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, பணம் வந்துவிட்டதா என்று பார்த்து மறுபடியும் பூட்டுவேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

வாட்சாப் என் கைப்பேசியில் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெயர்ப் பட்டியலை வாட்சாப்பில்தான் அனுப்புவார்கள், அது என் மனைவியின் கைப்பேசிக்கு வரும், அவர் அதை எனக்கு மின்னஞ்சலில் மாற்றிவிடுவார். இது ஏமாற்று வேலை என்று தூய்மைவாதிகள் சொல்லலாம். கைப்பேசியே வைத்துக்கொள்ளாத ஸ்டால்மன்கூடத் தேவைப்பட்டால் பக்கத்தில் இருப்பவரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பக்கத்தில் இருப்பவர் என் மனைவி. அவர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்பது வேறு.

2023இல் அதே கோயிலின் அடுத்த கும்பாபிஷேகம் வந்தது. நிர்வாகத்தில் இப்போது இளைஞர்கள். வரலாற்றுப் பகுதி இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டார்கள். 2011இல் மாற்றி வைத்த கோப்பு அவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் திறந்துவிட்டது. சௌந்தரராஜன் பெயரைத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்பினேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், மடிக்கணினி வாங்கும் முன் அதன் வைஃபை சில்லு எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. உங்கள் வங்கி தனிக் கருவி தருமா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். வீட்டில் ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள். அவற்றின் அச்சிட்ட படி ஒன்றையாவது கரையான் எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.