தோல் வேலைக்கு மேசை பிரஸ்: கேள்வி பதில்

கேள்வி: பர்ஸ், பெல்ட் செய்கிறேன். சுத்தியல் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் தொந்தரவு. ஆர்பர் பிரஸ் (லீவரை இழுத்துக் கருவியை அழுத்தும் மேசை இயந்திரம்) வாங்கினால் அரை டன் அழுத்தமா, ஒரு டன்னா?

பதில்: ஒரு டன். ஆனால் டன்னை விட ராம் (லீவரை இழுத்தால் கீழே இறங்கும் இரும்புக் கட்டை) நேராக இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். வாங்கும்போது ராமைப் பாதி இறக்கி, அதன் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, முன்பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்கினால் சரியாகிவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ராமே கோணலாக இறங்குகிறது என்றால் அந்த பிரஸ் வேண்டாம். ஓட்டைகள் தோலின் முன்பக்கம் ஒரு கோட்டிலும் பின்பக்கம் வேறு கோட்டிலும் விழும், தையல் கெட்டுவிடும்.

அப்புறம், ராமின் நடுவிலிருந்து பின்தூண் வரை அளந்துகொள்ளுங்கள். 20 செ.மீ. அகலத் தோலின் நடுவில் பட்டன் வைக்க அங்கே 10 செ.மீ. இடமாவது வேண்டும்.

கேள்வி: ராமின் அடி மொட்டையாக இருக்கிறது. கருவிகளை எப்படி மாட்டுவது? காந்தம் ஒட்டினால் போதுமா சார்?

பதில்: கீழ்நோக்கி அழுத்தும் வேலைக்கு மட்டும் காந்தம் தாங்கும். பிரிக்கிங் அயர்னுக்கு (தையல் ஓட்டைகள் போடும் பல்வரிசைக் கருவி) தாங்காது. அதன் பற்களைத் தோல் கவ்விக்கொள்ளும், ராம் மேலே ஏறும்போது கருவி தோலிலேயே நின்றுவிடும்.

ராமைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அடியில் சரியாக நடுவில் 10 மி.மீ. துளை, 25 மி.மீ. ஆழம். பக்கவாட்டில் இன்னொரு சிறு துளை போட்டு, 6 மி.மீ. டேப் அடித்து (உள்ளே மரை வெட்டி), தலையில்லாத திருகு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கருவியின் தண்டில் அந்தத் திருகு உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக்கிவிட்டால் கருவி சுழலாது, நழுவாது. தண்டு மெல்லியதாக இருந்தால் துளைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் சிறு குழாய்) கடைந்து வாங்கிக்கொள்ளலாம். நடு தப்பினால் எல்லாமே வீண். அதனால் துளை போடுவதற்கு முன்பு குறியை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேள்வி: கட்டிங் டை (தோலை வடிவமாக வெட்டும் அச்சு) ஒரு மூலையில் மட்டும் வெட்டுவதில்லை.

பதில்: டை ராமுக்கு நேர் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டையின் மேல் 12 மி.மீ. கனத்தில் ஒரு இரும்புத் தகடு வையுங்கள். சிறிய ராமின் அழுத்தம் டை முழுக்கப் பரவ அது வேண்டும். தோலுக்கு அடியில் நைலான் பலகை. அப்படியும் அந்த மூலை வெட்டவில்லை என்றால், பலகைக்கு அடியில் அந்த மூலைக்கு மட்டும் ஒன்றிரண்டு தாள் மடித்து வையுங்கள்.

வெட்டும் விளிம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு விசை தேவை. 10 செ.மீ. விளிம்புக்குப் போதுமான அழுத்தம் 40 செ.மீ. விளிம்புக்கு நான்கு மடங்கு வேண்டும். பர்ஸின் முழு வெளிவடிவத்தையும் ஒரே அழுத்தில் வெட்ட ஆசை என்றால் ஹைட்ராலிக் ஜாக் வைத்த பிரஸ்தான் வழி.

கேள்வி: பெயர் ஸ்டாம்ப் ஆழமாகப் பதிவதில்லை.

பதில்: தோல் வெஜ் டானா (மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்டது), குரோமா (குரோம் உப்பில் பதனிட்டது)? குரோம் தோலில் பதிவு நிற்காது. வெஜ் டான் என்றால் ஸ்பாஞ்சால் நனைத்து, ஈர நிறம் மங்கித் தோலின் பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது அழுத்துங்கள். லீவரை உடனே விடாமல் பத்து நொடி பிடித்திருங்கள்.

கேள்வி: அழுத்தும்போது பிரஸ் முன்பக்கம் சாய்கிறது. பலம் போதவில்லை என்று லீவரில் பைப் வேறு மாட்டியிருக்கிறேன்.

பதில்: பைப்பை இன்றே கழற்றுங்கள். உடல் வார்ப்பிரும்பு, வளைந்து எச்சரிக்காது, திடீரென்று உடையும். பிரஸ்ஸை மேசையின் கால் இருக்கும் மூலைக்கு நகர்த்தி, பலகையை ஊடுருவும் போல்ட் போட்டு, அடியில் பெரிய வாஷர் வைத்து இறுக்குங்கள். மேசை அசைந்துகொண்டிருந்தால் உங்கள் கைபலம் பாதி அதிலேயே போய்விடும்.