உச்சிக்குழி போலத் துடிக்கும் மூளை: பண்டைய மருத்துவம் பற்றிக் கேள்வி பதில்

முப்பத்தோரு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எகிப்து, மெசபடோமியா (இன்றைய இராக் பகுதி) மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்பில் வாசிக்கும் பழக்கம் இரவு ட்யூட்டி நாட்களிலேயே தொற்றிக்கொண்டது. அந்தக் கால வைத்தியம் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிஸ்டர், மனிதன் எந்தக் காலத்திலிருந்து வைத்தியம் பார்க்கிறான்?

பதில்: எழுத்து வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே. போர்னியோ தீவில் லியாங் தெபோ என்ற குகையில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்றைப் பற்றி 2022-இல் ஆய்வு வெளியானது. வயது சுமார் 31,000 ஆண்டுகள். இடது காலின் கீழ்ப்பகுதி இல்லை. எலும்பை வெட்டிய இடம் நன்றாக மூடி ஆறியிருக்கிறது. சிறு வயதில் கால் எடுக்கப்பட்டு, அதன்பின் ஆறு முதல் ஒன்பது வருடம் உயிரோடிருந்து, இருபது வயதையொட்டி இறந்திருக்கிறார். எலும்பில் சீழ் பிடித்த அடையாளம்கூட இல்லை.

கால் எடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதன் கனம் தெரியும். வெட்டுவது ஒரு பொழுது வேலை. ரத்தத்தை நிறுத்தி, நாள் தவறாமல் புண்ணைக் கழுவி, ஊட்டிவிட்டு, வெளிக்குப் போகத் தூக்கிச் சென்று, காய்ச்சல் வந்த ராத்திரிகளில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை. கரடுமுரடான மலைப்பகுதியில் ஒற்றைக் காலோடு இருந்த பிள்ளையை வருடக்கணக்கில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல் கத்தியைப் பிடித்தவரைவிட அவர்களைத்தான் எனக்கு முதலில் நினைவு வரும்.

கேள்வி: மிருகங்கள்கூட மருந்து தேடுமாமே, உண்மையா?

பதில்: உண்மை. சுமத்ராவில் ராக்குஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட உராங்குட்டான் ஒன்று, 2022-இல் ஒரு கொடியின் இலையை மென்று, சாற்றையும் சக்கையையும் தன் கன்னத்துக் காயத்தில் அப்பிக்கொண்டதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். காயம் நன்றாக ஆறியது. அந்தப் பக்கத்து மக்களும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தும் கொடி அது.

கேள்வி: உலகின் முதல் டாக்டர் எகிப்தின் இம்ஹோதெப் என்று படித்தேன். சரிதானா அக்கா?

பதில்: இம்ஹோதெப் வாழ்ந்தது நிஜம். கி.மு. 27-ஆம் நூற்றாண்டில் ஜோசர் மன்னனின் முதன்மை அதிகாரி. சக்காராவின் படிக்கட்டு பிரமிடோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். ஆனால் அவர் காலத்துக் கல்வெட்டு எதுவும் அவரை வைத்தியர் என்று சொல்லவில்லை. இறந்து இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு மக்கள் அவரை நோய் தீர்க்கும் தெய்வமாகக் கும்பிட ஆரம்பித்தார்கள். அதே ஜோசர் காலத்து ஹெஸி ரே என்பவரின் கல்லறையில், அவர் பல் வைத்தியர்களின் தலைவர் என்று பொருள்படும் பட்டம் இருக்கிறது. தொழிலோடு பெயர் கிடைத்தவர்களில் மிகப் பழையவர்களில் ஒருவர் அவர். முதல் டாக்டர் என்று ஒருவரைக் கைகாட்ட வழியில்லை.

கேள்வி: முதல் பெண் மருத்துவர் மெரிட் ப்தா என்று மகளிர் தினத்தில் வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: எனக்கும் வருடா வருடம் வருகிறது. அப்படி ஒரு பெண் மருத்துவர் இருந்ததற்குச் சான்று இல்லை. 1938-இல் வந்த ஒரு புத்தகத்தில் நேர்ந்த குழப்பத்தால் அந்தப் பெயர் பரவியது என்று 2019-இல் ஒரு ஆய்வாளர் தேடிக் காட்டினார். உண்மையில் இருந்தவர் பெசெஷெத். எகிப்தின் பழைய அரசுக் காலம், இன்றைக்குச் சுமார் 4,400 வருடம் முன்பு. கீஸாவில் ஒரு கல்லறையில் கிடைத்த கல்லில் “பெண் மருத்துவர்களின் மேற்பார்வையாளர்” என்று அவருக்குப் பட்டம். மேற்பார்வை பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது என்றால், கீழே எத்தனை பெண்கள் வேலை பார்த்திருப்பார்கள்! அடுத்த மகளிர் தினத்தில் பெசெஷெத்தின் பெயரைப் பரப்புங்கள்.

கேள்வி: அந்தக் கால வைத்தியம் என்றாலே மந்திரம், தாயத்துதானே? அதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1862-இல் எகிப்தின் லக்சரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளை வாங்கினார். இன்று அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஏறத்தாழ கி.மு. 1600-இல் எடுத்த பிரதி, மூலம் அதைவிடப் பழையது என்பார்கள். எகிப்திய ஆய்வாளர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் மொழிபெயர்த்து 1930-இல் வெளியிட்டார். உள்ளே 48 நோயாளிகள். உச்சந்தலையில் தொடங்கி முகம், கழுத்து, தோள், மார்பு என்று வரிசையாக இறங்குகிறது. எங்கள் வார்டில் அடிபட்டு வந்தவரைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோமே, அதே ஒழுங்கு.

ஒவ்வொன்றிலும் முதலில் என்ன காயம், அடுத்து தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும், பிறகு தீர்ப்பு. தீர்ப்பு மூன்று விதம்: இதற்கு நான் வைத்தியம் செய்வேன், இதோடு நான் போராடுவேன், இதற்கு வைத்தியம் இல்லை.

ஆறாவது நோயாளிக்கு மண்டை உடைந்து மூளை தெரிகிறது. உருக்கிய செம்பில் தோன்றும் நெளிவுகள் போல இருக்கிறது என்கிறார் சுருளை எழுதியவர். விரலுக்கு அடியில் குழந்தையின் இன்னும் மூடாத உச்சிக்குழி போலத் துடிக்கிறது என்கிறார். மூளையைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய வர்ணனை இதுதான். இதை எழுதியவர் பச்சைக் குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தவர். முதல் தடவை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தைந்தாவது நோயாளிக்குத் தாடை விலகிவிட்டது. இரண்டு கட்டை விரலையும் வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களை மோவாய்க்குக் கீழே கொடுத்துப் பின்னால் தள்ளு என்கிறார். கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் வந்தவர்களுக்கு எங்கள் டாக்டர்கள் செய்வதும் இந்தப் பிடியைத்தான்.

முப்பத்தோராவது நோயாளிக்குக் கழுத்தெலும்பு விலகி, கை கால் உணர்வில்லை, தன்னையறியாமல் சிறுநீர் சொட்டுகிறது. தீர்ப்பு: வைத்தியம் இல்லை. பைக்கிலிருந்து விழுந்து, அதே நிலையில் வந்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் நாங்கள் என்ன சொல்ல முடிந்தது? கைவிட வேண்டியவர் என்று தெரிந்தும், அவர் உடம்பில் கண்டதை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறாரே, அதைத்தான் நான் அறிவியல் என்பேன். பார்த்து எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதற்கு மேல் யோசிக்க முடிந்தது.

மந்திரமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 48 பேரில் ஒரு நோயாளிக்கு மட்டும், நெற்றிக் காயத்துக்கு, தீக்கோழி முட்டை ஓட்டை அரைத்துப் பூசி மந்திரம் சொல்லச் சொல்கிறது. சுருளின் பின்பக்கத்தில் கொள்ளை நோய்க்கான மந்திரங்கள். எலும்பு முறிந்தால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, கை வேலை செய்கிறது. காரணம் தெரியாத காய்ச்சல் பரவினால் மந்திரம். அவர்களுக்கு இரண்டும் ஒரே தொழில்தான்.

கேள்வி: பாபிலோனில் நோயாளி செத்தால் டாக்டரின் கையை வெட்டுவார்களாமே!

பதில்: பாபிலோன் மன்னன் ஹம்முராபி கல்லில் பொறித்து வைத்த சட்டத்தில் அப்படி இருக்கிறது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டு. அந்தக் கல் இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில். வெண்கலக் கத்தியால் பெரிய காயத்தை அறுத்து மேல்தட்டு ஆளைப் பிழைக்க வைத்தால் 10 ஷெக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி, சாதாரண ஆளுக்கு 5, அடிமைக்கு 2. மேல்தட்டு ஆள் செத்தால் வைத்தியரின் கை போகும். அடிமை செத்தால் பதிலுக்கு ஓர் அடிமையைக் கொடுத்தால் போதும். எனக்குக் கை வெட்டுவதைவிட இந்த விலைப்பட்டியல்தான் வலிக்கிறது. அக்காலத் தீர்ப்புகள் களிமண் பலகைகளில் ஏராளமாக இருந்தும், நீதிபதிகள் இந்தச் சட்டத்தைக் காட்டித் தீர்ப்பு எழுதும் வழக்கம் தெரியவில்லை. அரசனின் நீதியைப் பறைசாற்ற நட்ட கல் என்று பல ஆய்வாளர்கள் கருதுவது அதனால்தான்.

பாபிலோனியருக்கு வைத்தியரே இல்லை, நோயாளியைச் சந்தையில் கிடத்திப் போவோர் வருவோரிடம் யோசனை கேட்பார்கள் என்று கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது தவறு. அங்கே மருந்து கொடுக்கும் ஆஸு, மந்திரம் ஓதும் ஆஷிப்பு என்று இரு வகையினர் இருந்தார்கள். நிப்பூரில் கிடைத்த சுமேரியக் களிமண் பலகை ஒன்று, நாலாயிரம் வருடத்துக்கு மேல் பழையது, மருந்துக் குறிப்புகளை மட்டுமே சொல்கிறது. அதில் ஒரு மந்திரமும் இல்லை.

கேள்வி: தொற்றுநோய் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

பதில்: கிருமி தெரியாது, ஒட்டிக்கொள்ளும் என்பது தெரியும். இன்றைய சிரியாவில் இருந்த மாரி நகரத்து மன்னன் ஸிம்ரி லிம், தன் மனைவிக்கு அனுப்பிய கடிதம் கிடைத்திருக்கிறது. அரண்மனைப் பெண் ஒருத்திக்கு நோய். அவள் குடித்த பாத்திரத்தில் யாரும் குடிக்க வேண்டாம், அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டாம், படுக்கையில் படுக்க வேண்டாம் என்கிறான். 3,700 வருடம் முந்தைய கடிதம். கொரோனா நாட்களில் இதை நினைக்காத நாள் இல்லை.

கேள்வி: எகிப்துக்கும் முன்னாலேயே நம் சித்தர்கள் எல்லாம் செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

பதில்: தம்பி, இன்று கையில் இருக்கும் சித்தர் நூல்களின் தமிழ் மிகப் பிற்காலத்தது. அவற்றைப் பாப்பிரஸுக்கு முன்னால் நிறுத்த முடியாது. சங்கப் பாட்டில் இருப்பதே நமக்குப் போதுமான பெருமை. பதிற்றுப்பத்தில் பரணர், புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியாகக் காட்டுகிறார். தையல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவருக்கு அந்த உவமை வராது.

கேள்வி: எகிப்தியர் புண்ணுக்குத் தேன் போட்டார்கள் என்றால், என் அப்பாவின் சர்க்கரைப் புண்ணுக்கு நானும் தடவலாமா? பதினைந்து நாளாக ஆறவில்லை.

பதில்: வேண்டாம். எட்வின் ஸ்மித் சுருளில் முதல் நாள் பச்சை இறைச்சி, அடுத்த நாள் முதல் தேன், கொழுப்பு, பஞ்சு என்று திரும்பத் திரும்ப வருவது சரிதான். தேனில் நீர் குறைவு, அது கிருமியை வளரவிடாது. அதிலுள்ள ஒரு நொதியால் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. ஆனால் இன்று ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் தேன், கிருமி நீக்கம் செய்தது. வீட்டுப் பாட்டிலில் இருப்பது அப்படியல்ல. சர்க்கரைக்காரரின் காலில் பதினைந்து நாளாக ஆறாத புண் என்றால் நாளைக்குத் தள்ளாதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.