கிகேட்டில் (சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருள்) வேறு வேறு பெயருள்ள இரண்டு நெட்களை (ஒவ்வொரு மின் இணைப்புக்கும் ஒரு நெட்) இணைத்தால் ஒரு பெயர் காணாமல் போகிறது. என்ன செய்வது?

குளச்சலில் வள்ளத்துக்கு 12 வோல்ட் பேட்டரி மீட்டர் செய்வதாகவும், ஷன்டின் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் மிகச் சிறிய தடை) ஒரே முனையில் 'பேட்_என்' (பேட்டரி நெகட்டிவ்), 'சென்ஸ்_என்' (அளக்கும் கோடு) என்று இரண்டு லேபிள் வைத்தால் போர்டுக்கு ஒன்றுதான் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிகேட்டில் கோளாறு இல்லை. ஒரே வயரில் இரண்டு லேபிள் இருந்தால் அது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். ஈஆர்சி (வரைபடத்தின் மின் விதிச் சோதனை) ஓட்டினால் எந்தப் பெயர் எடுக்கப்பட்டது என்று சொல்லும். ஆனால் வெறும் எச்சரிக்கையாகத்தான் வரும் என்பதால் யாரும் படிப்பதில்லை.

செம்பு ஒன்றுதானே, பெயர் போனால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமமான துண்டுக்கு) ஏறக்குறைய 0.5 மில்லிஓம் தடை உண்டு. 1 மில்லிஓம் ஷன்டில் 20 ஆம்பியர் ஓடினால் 20 மில்லிவோல்ட் வரவேண்டும். பெயர் ஒன்றாகிவிட்டால், சென்ஸ் கோடு சோனுக்குள் (ஒரு நெட்டுக்கென்று நிரப்பும் செம்புப் பரப்பு) கரைந்துவிடும். மின்சாரம் ஓடும் வழியில் இரண்டு சதுரம் தள்ளி அது ஒட்டிக்கொண்டாலே 40 மில்லிவோல்ட் காட்டும். செம்பு சூடாக ஆக அந்தப் பிழையும் ஏறும். மென்பொருளில் ஒரு எண்ணால் பெருக்கிச் சரிசெய்ய முடியாது.

இதற்குத்தான் நெட் டை: இரண்டு நெட்டின் பெயரையும் தனித்தனியாக வைத்தபடியே ஓரிடத்தில் செம்பால் சேர்க்கும் பாகம். டிவைஸ் லைப்ரரியில் இரண்டு முனை நெட் டை சின்னம் இருக்கிறது. ஒரு முனையில் பேட்_என், மறு முனையில் சென்ஸ்_என். ஃபுட்பிரின்டுக்கு (போர்டில் பாகம் உட்காரும் செம்பு வடிவம்) நெட் டை லைப்ரரியிலேயே 0.5 மிமீ பேட் (இணைப்புக்கான செம்புத் திட்டு) உள்ளதை எடுங்கள். சென்ஸ் கோட்டில் மின்சாரம் இல்லாததுபோலத்தான், அது தாராளம். எஃப்8 அழுத்திப் போர்டுக்குக் கொண்டுவந்து, அதன் முதல் பேடை ஷன்டு பேடின் உள்விளிம்பிலேயே ஒட்டி வையுங்கள். மின்சாரம் ஓடும் வழியில் தள்ளி வைத்தால் மேலே சொன்ன பிழை திரும்பி வரும். ஷன்டின் மறு முனைக்கும் இதே வேலைதான். இரண்டு சென்ஸ் கோடுகளையும் பக்கம் பக்கமாக ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப்) வரை இழுங்கள்.

சொந்த ஃபுட்பிரின்ட் வரைந்தால் டிஆர்சி (போர்டு வரைவின் விதிச் சோதனை) 'ஷார்ட்' என்று கத்தும். கிகேட் 7 முதல் ஃபுட்பிரின்ட் பண்புகளில் எந்த பேடுகள் சேரலாம் என்று குழுவாக எழுத இடமுண்டு; அங்கே 1, 2 என்று கொடுங்கள். கிகேட் 6 என்றால் கீவேர்டில் 'net tie' என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். டிஆர்சி விதியையே அணைத்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், நிஜமான ஷார்ட்டும் சேர்ந்து மறைந்துவிடும். ஆல்டியம் என்ற வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு: பாகத்தின் வகையையே நெட் டை என்று மாற்றவேண்டும்.

ஜீரோ ஓம் ரெசிஸ்டர் போதாதா என்று சிலர் வருவார்கள். சென்ஸ் கோட்டுக்குப் போதும். கழற்றிச் சோதிக்கவும் வசதி. ஆனால் 0603 அளவில் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும், தடையும் 50 மில்லிஓம் வரை இருக்கலாம். கிரவுண்டில் போடாதீர்கள். சால்டர் ஜம்பர் (ஈயம் வைத்து இணைக்கும் திறந்த பேடுகள்) வேண்டாம். திறந்த செம்பு கடல்காற்றில் பச்சை பிடிக்கும்.

இன்னொன்றும் வரும், தெரியும்: "ஒரே கிரவுண்ட் பிளேன் போதும், ஏஜிஎன்டி (அனலாக் பகுதிக்குத் தனி கிரவுண்ட்) எல்லாம் பழைய கதை." ஏஜிஎன்டி விஷயத்தில் பெரும்பாலும் எனக்கும் அதே கருத்துதான். நான் பேசுவது சென்ஸ் கோட்டைப் பற்றி. நாகர்கோவில் பக்கம் புராஜெக்ட் சென்டர்களில் விற்கும் ரெடிமேட் போர்டுகளைத் திருப்பிப் பாருங்கள்: படத்தில் இரண்டு கிரவுண்ட், அடியில் ஒரு துண்டு வயர். அதை வாங்கிக்கொண்டு வைவாவுக்குப் போகும் பிள்ளைகளிடம் அந்த வயர் ஏன் என்று எக்ஸ்டர்னல் கேட்பதுமில்லை. சரி, அது வேறு வழக்கு.

அதையும் மீறி ஏஜிஎன்டி தனியாக வைத்தால், நெட் டையின் முனைகள் பாஸிவ் (ஊட்டம் தராத வகை) என்பதால் 'பவர் இன்புட்டுக்கு ஊட்டம் இல்லை' என்று ஈஆர்சி திட்டும். ஏஜிஎன்டியில் ஒரு பவர் ஃபிளாக் (இங்கே ஊட்டம் உண்டு என்று சொல்லும் சின்னம்) வையுங்கள். நெட் டையைப் பாகப் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். கெர்பரோடு (போர்டு செய்ய அனுப்பும் கோப்புகள்) ஐபிசி-356 நெட்லிஸ்டும் (எந்தப் புள்ளி எந்த நெட் என்ற பட்டியல்) அனுப்பினால், இரண்டு நெட் ஷார்ட் என்று போர்டு செய்யும் ஃபேப் ஆட்கள் மெயில் போட்டு வேலையை நிறுத்தி வைக்கலாம். எந்த இடத்தில், எந்த இரண்டு பெயர் வேண்டுமென்றே சேர்ந்திருக்கிறது என்று ஆர்டர் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.