தோல் செல்லை ஸ்டெம் செல்லாக்கினால் மரபணு மாற்றம் ஏன் தெரிகிறது?

தோல் செல்லை, பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றும் முறைதான் டிஎன்ஏவைக் கெடுக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது.

செல் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏவைப் படியெடுப்பதில் பிழை விழலாம். யேல் பல்கலைக்கழகக் குழு 2012-ல் பார்த்தபோது, தோல் செல்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் டிஎன்ஏ துண்டுகள் கூடியோ குறைந்தோ இருந்தன. இப்படி மாற்றிப் பெறும் ஸ்டெம் செல்களை ஐபிஎஸ் செல்கள் என்பார்கள்; அவற்றில் புதிதாகத் தெரிந்த மாற்றங்களில் பாதியாவது தோலிலேயே இருந்தவை.

அப்புறம் ஏன் முதலில் தெரியவில்லை? மூட்டை நெல்லில் ஒரு கலப்பு மணி கண்ணில் படாது. அதை மட்டும் விதைத்துப் பெருக்கினால் வயல் முழுக்க அதுதான். ஐபிஎஸ் செல் வரிசையும் அப்படி ஒற்றைச் செல்லிலிருந்து பெருகுவதுதான்.

வளர்ப்புத் தட்டில் பிழை புதிதாக விழுவதும் உண்டு. எப்படி வந்தாலும் சிகிச்சையில் எச்சரிக்கை தேவை. ஜப்பானில் 2014-ல் ஒருவருக்கு ஐபிஎஸ் விழித்திரைப் படலம் பொருத்தினார்கள். அடுத்த நோயாளிக்காக உருவாக்கிய செல்களில் மாற்றங்கள் தென்பட்டதும் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.