நான்கு மாதக் குழந்தைக்கு எந்தத் துணிப் பொம்மை?

கேள்வி: என் பேத்திக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகனும் மருமகளும் துணிப் புத்தகம், பொம்மைகள் தொங்கும் விளையாட்டு விரிப்பு, அமுக்கினால் சத்தமிடும் பெரிய பஞ்சு யானை ஆகியவை அடங்கிய தொகுப்பு ஒன்றை இணையத்தில் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பெட்டியில் 'மூளை வளர்ச்சிக்கு உதவும்' என்று அச்சிட்டிருக்கிறது. விலை 3,500 ரூபாய். ஒரு கிலுகிலுப்பையை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். இதெல்லாம் தேவைதானா? வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: தொகுப்பு தேவையில்லை, அதிலுள்ளவற்றைப் போன்ற ஒன்றிரண்டு பொருள்கள் உண்மையாகவே பயன்படும். பெட்டியில் உள்ள வாசகத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். பொம்மைக்கு நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் சோதனை, அது குழந்தைக்குத் தீங்கு செய்யாது என்பதைப் பார்க்கும் சோதனையே தவிர, மூளையை வளர்க்குமா என்று பார்ப்பதில்லை. அந்த வரி விற்பவரின் வரி.

பிறந்த சில வாரங்களில் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அதுவே. கறுப்பு வெள்ளைப் பொம்மைகள் அந்தப் பருவத்துக்கு உரியவை என்பதால், உங்கள் பேத்திக்கு இனி அவற்றால் பெரிய பயன் இல்லை. நான்கு மாதத்தில் நிறங்கள் நன்றாகப் புலப்படத் தொடங்கும், கண்டதை நோக்கிக் கை நீளும், கையில் கிடைத்தது வாய்க்குப் போகும். ஆகவே இப்போது அவளுக்கு வேண்டியது, சின்னக் கையால் பற்றிக்கொள்ளும்படி மெல்லிய கை கால்களும், ஓரிடத்தில் வழவழப்பும் இன்னோரிடத்தில் சொரசொரப்பும் உள்ள, கசக்கினால் மெல்லச் சரசரக்கும் சிறிய துணிப் பொம்மை ஒன்று. தான் கசக்கியதால்தான் சத்தம் வந்தது என்பதைக் குழந்தை மெல்ல மெல்லக் கண்டுகொள்வதுதான் அந்தப் பொம்மையால் கிடைக்கும் பயன். பெரிய பஞ்சு யானை பிடிக்கு அடங்காது, அலமாரிக்குத்தான் அழகு. மூடி திறக்கும் மடல்கள் உள்ள துணிப் புத்தகமோ, துண்டால் மறைத்த பொருளைத் தேடி எடுக்கும் எட்டு, ஒன்பது மாத வயதில்தான் முழுமையாகப் பயன்படும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் பாதி பெட்டியிலேயே கிடக்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

விரிப்பைப் பற்றி ஒன்று. இன்னும் நகரத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது, சிறிது சிறிதாகப் பிரித்து, குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. கழுத்தும் தோளும் உறுதிப்படுவது அப்போதுதான். தலையை உயர்த்தி ஆடும் செங்கீரையையும் கைகொட்டும் சப்பாணியையும் தனித்தனிப் பருவமாக வகுத்துப் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதையெல்லாம் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். பாயின் மேல் ஒரு கெட்டிப் போர்வையை விரித்து, ஒரு சாண் தள்ளித் துணிப் பொம்மையை வைத்து, எதிரே நீங்களும் குனிந்து பேச்சுக் கொடுத்தால், விரிப்புக்குக் கொடுக்கவிருந்த பணம் மிச்சம். விரிப்பை வாங்கியே தீர்வது என்றால், குழந்தை கையூன்றி எழத் தொடங்கியதும் குறுக்கே தொங்கும் பொம்மைகளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். மின்சாரம் இல்லாத பொம்மை என்றால் ஐ.எஸ். 9873, பேட்டரியில் இயங்குவது என்றால் ஐ.எஸ். 15644 என்ற தர எண்ணும், 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் முத்திரையோடு இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்த்தால், யாருக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் தரப்பட்டது என்பது தெரிந்துவிடும். முத்திரையை அச்சடிப்பது யாருக்கும் எளிது என்பதால், இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்க வேண்டாம். சிறு முகத்தின் மேல் '0-3' என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட வட்டம் இருந்தால், எவ்வளவு மென்மையான பொம்மையாக இருந்தாலும் அது உங்கள் பேத்திக்கு உரியதல்ல.

முத்திரை இருந்தாலும் கையால் ஒருமுறை சோதியுங்கள். கண்ணும் மூக்கும் ஒட்டியதாகவோ பொத்தானாகவோ இல்லாமல், நூலால் தைத்ததாக இருப்பது நல்லது. தையலை இரு விரலால் பிடித்து இழுத்தால் பஞ்சு வெளியே தெரியக் கூடாது. ஒரு சாணுக்கு நீண்ட கயிறோ நாடாவோ எதிலும் வேண்டாம். பாட்டுப் பாடும் பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடியது. ஒரு வயது ஆகும்வரை குழந்தை உறங்கும் இடத்தில், அது தொட்டிலோ தூளியோ மெத்தையோ எதுவானாலும், எந்தப் பஞ்சுப் பொம்மையும் இருக்கக் கூடாது; மூக்கை அடைத்துக்கொண்டால் விலக்கும் வலு அந்த வயதில் இல்லை.

கேள்வி: இணையத்தில் வாங்கிய துணி முயலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. முதல் முறை துவைத்தபோதே தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. 'பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பொருள் குறையுடையது என்றாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றாலோ, அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் பிடிவாதம் செய்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். முத்திரையில்லாமல் விற்றது தனிக் குற்றம் என்பதால், அதைப் பற்றிய புகாரைப் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே பதிவு செய்யலாம். முயலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்: பிரிந்த தையல், அட்டைப்பெட்டி, பட்டியல் ரசீது மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தையற்கார அக்கா மிச்சத் துணியில் பொம்மை தைத்துத் தருவதாகச் சொல்கிறார். அதற்கும் முத்திரை வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்பளிப்பாகத் தைத்துத் தருவதற்கு வேண்டாம். விற்பனைக்கு என்றால், கைவினைப் பொருள்களுக்கான மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. அக்காவிடம் இரண்டு மூன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பலமுறை துவைத்துச் சாயம் போய் முடிந்த பருத்தித் துணியாக இருக்கட்டும், விளிம்பை இரட்டைத் தையல் போடட்டும், அழகுக்காக மணியோ பாசியோ சலங்கையோ கோக்க வேண்டாம். இலவம் பஞ்சு துவைத்தால் கட்டி தட்டிப்போய் உள்ளே ஈரம் தங்கும் என்பதால், அதே பருத்தித் துணியின் துண்டுகளையே உள்ளே திணித்தால் வெயிலில் சீக்கிரம் உலரும்.